அணிலுக்கு ஒரு துப்பாக்கி

ஓரகத்தி வீட்டுச் சுவரில் இரட்டைக் குழல் துப்பாக்கி வந்து தொங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனும் தம்பியும் ரங்கூன் துறைமுகத்தில் பல வருஷம் உழைத்துச் சேர்த்த காசில் பக்கத்துக் கியாக்தான் ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு வாங்கினார்கள். பெரிய யுத்தம் முடிந்த பிறகு அதைப் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் ஒரு வாய்க்காலும் வெட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் தென்னைக்கு நடுவே கொய்யாவும் அன்னாசியும்தான். மண் ஒரே மண், மழை ஒரே மழை. ஆனால் எது வந்தாலும் அவள் வீட்டுக்குத்தான் முதலில் வரும். தகரக் கூரை அங்கே முதலில் வந்தது. தையல் மிஷின் வந்தது. இப்போது துப்பாக்கி.

வேட்டைக்கு என்று பெயர். உண்மையில் அணிலுக்காக வாங்கியது. அந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது. சாம்பல் நிறத்தில், பெருச்சாளிக்குத் தங்கை மாதிரி இருக்கும். அதனால் ராமர் தடவிக் கொடுத்த அணிலைக் கொல்கிறோமே என்ற உறுத்தல் எங்களுக்கு வரவில்லை. குரும்பையில் ஓட்டை போட்டு உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டு வெறும் கூட்டைக் கீழே தள்ளும். காலையில் மரத்தடியில் கிடக்கும் காய்களைப் பார்த்தால் அழுகை வரும். அது விட்டுவைத்த கொய்யாவை எலி தின்னும்.

அக்கா ஆயுத பூஜைக்கு அந்தத் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். பக்கத்து பர்மாக்காரப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் புருஷன், என் மச்சான், சாயங்காலம் ஒரு வெடி போடுவார். ஊரே அதிரும். அணில் அத்தனையும் வாய்க்காலைத் தாண்டி எங்கள் மரத்தில் வந்து ஏறும். அது போதாதென்று ஒருநாள் அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் காட்டுக்கோழிக் குழம்பு கொண்டுவந்தாள்.

"உங்க மச்சான் சுட்டது. உங்க வீட்டுல துப்பாக்கி இல்லையேன்னு மனசு கேக்கல, அதான் எடுத்தாந்தேன்."

கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். குழம்பை நாய்க்கு ஊற்றினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் கணவரிடம், "நமக்கும் துப்பாக்கி வேணும்" என்றேன்.

"அணிலுக்கா, அண்ணிக்கா?" என்று கேட்டார்.

மியோஊக் என்கிற தாலுகா அதிகாரியின் கச்சேரிக்கு நடையாய் நடந்து அவர் பெயரில் லைசென்ஸ் வாங்க ஒரு மழைக்காலம் போய்விட்டது. லைசென்ஸ் கையில் வந்ததும் நானும் வருவேன் என்று பிடிவாதமாக ரங்கூன் போகிற லாஞ்சுப் படகில் ஏறி உட்கார்ந்தேன். அவரைத் தனியாக அனுப்பினால் மலிவாக எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ரங்கூன் கடைத்தெருவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் ஒரு காயல்பட்டினத்து மரைக்காயர். தமிழ் பேசுகிற கடை என்று விசாரித்துத்தான் போனோம். உள்ளே எண்ணெயும் தோலும் கலந்த வாசனை. நான் நேராக இரட்டைக் குழல் இருக்கும் பக்கம் போனேன். அக்கா வீட்டில் இருப்பதைவிட ஒரு சாண் நீளமாக ஒன்று இருந்தது. கட்டையில் வாத்து செதுக்கியிருந்தார்கள்.

"இதுதான்" என்றேன்.

மரைக்காயர் சிரிக்காமல் கேட்டார்: "எதச் சுடப் போறீங்க தங்கச்சி?"

"அணில். எலி."

"அப்ப இது வேணாம். இதுல உள்ள ஈயச் சில்லு நாலா பக்கமும் தெறிக்கும். அணிலோட சேந்து குலையும் விழும். தோட்டாவும் விலை."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா தோப்பில் வெடி போட்ட மறுநாள் எல்லாம் பாளை கிழிந்து தொங்கும். அதை நினைத்ததும் வந்த சந்தோஷத்தில் வாத்துத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சிறு குழல் துப்பாக்கிகளை வரிசையாக எடுத்துப் போட்டார். சுண்டுவிரல்கூட உள்ளே போகாத குழல். தோட்டா வேர்க்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் நீளம். அதில் ஒன்று குழலுக்கு அடியில் வரிசையாகத் தோட்டா நிரப்பி, மூச்சு விடாமல் சுடக் கூடியது. யாரோ துரை சீமைக்குப் போகும்போது விற்றது, அதனால் மலிவு என்றார். மச்சான் துப்பாக்கியில் இரண்டு வெடிதான், இதில் ஒரு கைப்பிடித் தோட்டா. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. என் கணவர் அதை வாங்கிப் பின்பக்கப் பூட்டைத் திறந்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு புள்ள."

உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. நல்ல குழல் என்றால் கண்ணாடி வளையல் மாதிரி மின்ன வேண்டுமாம். "மழைக்காலத்துல எண்ணெய் போடாம வெச்சிருக்காங்க. குண்டு நேராப் போகாது" என்றார். மரைக்காயரும் மறுக்கவில்லை.

கடைசியில் என் கணவர் எடுத்தது, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற புதுத் துப்பாக்கி. இருப்பதிலேயே எளியது. கட்டையில் வாத்தும் இல்லை, வாலும் இல்லை. தோளில் வைத்துப் பார்த்தேன். கையில் பிள்ளை இருக்கிற பாரம்கூட இல்லை. வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினேன்.

மரைக்காயர் கோணிச் சாக்கில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சின்னக் குண்டுன்னு அசட்டையா இருந்துராதீங்க. குறி தப்பினா ஒரு மைலுக்கு மேல போயி யார் மேலயாச்சும் விழும். மரத்து உச்சியப் பாத்துச் சுடாதீங்க. எப்பவும் குறிக்குப் பின்னால மண் இருக்கணும்."

லாஞ்சில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோணியில் சுற்றியது பார்க்கத் துடைப்பக்கட்டை மாதிரி இருந்தது. நான் பயந்தபடியே ஆயிற்று. அக்கா மறுநாளே வந்து, கையில் வாங்கிப் பார்த்து, "அய்ய, இது பிள்ளைங்க விளையாடுறதா?" என்றாள். சுவரில் மாட்டவே எனக்கு மனசு வரவில்லை. நெல் குதிருக்குப் பின்னால் வைத்தேன்.

கடைக்காரர் சொன்னபடி என் கணவர் வரப்போரமாக ஒரு முளை அடித்து அதன்மேல் பழுத்த கொய்யாவைக் குத்தி வைத்தார். பின்னால் உயரமான மண்கரை. அணில் தானே இறங்கி வரும். வந்தது. அவர் சுட்டார். அணில் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. நாலைந்து நாளும் இதே கதை. பிறகுதான் கவனித்தேன்; விசையை இழுக்கும் நேரத்தில் அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறார். துறைமுகத்தில் ஒருமுறை பளுத் தூக்கும் இரும்பு வடம் அறுந்து அவர் காதோரமாகப் போனது. அன்றிலிருந்து சட்டென்று கேட்கும் எந்தச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடும்.

"குடுங்க இப்படி" என்று வாங்கினேன். எனக்கும் உடனே வந்துவிடவில்லை. ஒரு வாரம் போல மண்ணைத்தான் சுட்டேன். பிறகு ஒருநாள் அணில் விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. சத்தம் மூங்கில் வெடிக்கிற அளவுதான். மற்ற அணில்கள் ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கும். அந்தப் போகத்தில் எங்கள் காய் ஓட்டையில்லாமல் ரங்கூன் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனது. பக்கத்து பர்மாக்கார அம்மாள், "உயிரைக் கொன்றால் பாவம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்புறம், "என் அவரைக் கொடிப் பக்கமும் ஒருநாள் வந்துவிட்டுப் போ" என்பாள்.

சந்தையில் காய் எடுக்கிற வியாபாரி என் கணவர் முதுகில் தட்டி, "நல்ல குறிகாரர்யா நீர்!" என்றானாம். லைசென்ஸ் அவர் பெயரில்தானே. இவரும் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடமே அதைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பே போடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம் அக்கா தனியாக வாய்க்காலைத் தாண்டி வந்தாள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவ நானும் சுட்டுப் பாக்கவா?" என்றாள்.

"உங்க வீட்டுலதான் பெருசு இருக்கே?"

"அத நான் தொடக் கூடாதாம். எண்ணெய் போட்டுத் தொடைக்க மட்டும்தான் நான். நீ சுடுறத தெனமும் வேலி ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். வயிறு எரியுதுடி."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு இருந்த குளுமையை என்னவென்று சொல்வது! தகரக் கூரை, தையல் மிஷின், கோழிக் குழம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டியோடு வந்த மாதிரி இருந்தது. தாராளமாகத் துப்பாக்கியைக் கொடுத்தேன். கட்டையைத் தோளில் எப்படி அழுத்துவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிக் கொடுத்தேன்.

அக்கா கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். முளைமேல் அணில் வந்து உட்கார்ந்தது. ஒரே வெடி. அணில் சத்தமில்லாமல் கரையடியில் விழுந்தது.

முதல் குறியே. அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "இன்னொன்னு குடு, இன்னொன்னு!"

"தோட்டா தீந்துபோச்சு" என்றேன். பெட்டி என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் பொய்யை எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? அதற்கும் என் கணவரே முட்டுக்கட்டை போட்டார். அக்கா சுட்டதைக் கேள்விப்பட்டதிலிருந்து என்னையும் மிஞ்ச ஆள் இருக்கிறது என்று அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. யார் வந்தாலும், "எங்க வீட்டுல நல்லா சுடுவாதான். ஆனா அண்ணி கை வருமா?" என்பார். என் எதிரிலேயே சொல்வார். தோட்டாப் பெட்டியையும் அவரே எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

அதிலிருந்து அவள் ஒருநாள், நான் ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டோம். இரண்டு தோப்பும் தப்பித்தன. மச்சானின் துப்பாக்கி சுவரோடு இருந்தது. பாளை கிழிவதும் நின்றது. ஊரில் எங்களை ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அக்காவின் முறை வரும் நாட்களில் நான் அடுப்படியிலேயே இருப்பேன். ஆனால் வெடிச் சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன், அவள் குறி தப்பியிருக்கக் கூடாதா என்று.