கோளாறு இல்லை என்றாள் பூட்டக்கா

அந்த மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் காவல் அவள்தான். யாராவது திரையைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்து போனால், நடக்கிற போக்கிலேயே பூட்டிவிட்டுப் போவாள். அதனால் நர்சுகள் வைத்த பெயர் பூட்டக்கா.

பாஸ்வேர்டோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் அடித்தால்தான் உள்ளே போகலாம் என்று அவள் கொண்டுவந்த ஏற்பாடு யாருக்கும் பிடிக்கவில்லை. தலைமை அறுவை மருத்துவர் அவள் அறைக்கே வந்துவிட்டார்.

"நிக்க நேரமில்ல, இதுல போனைத் தேடிக்கிட்டு இருக்கணுமா? எனக்கு மட்டும் எடுத்துவிடுங்கம்மா."

"உங்க கணக்குலதான் டாக்டர் எல்லா நோயாளியோட விவரமும் இருக்கு. உங்களுக்குத்தான் முதல்ல வேணும்."

அவர் நேரே நிர்வாகியிடம் போனார். மதியத்துக்குள் நிர்வாகி கூப்பிட்டார்.

"எடுத்துவிடுங்க. அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா ஆபரேஷனை நீங்களா பண்ணுவீங்க?"

தொண்டை வறளப் பேசிப் பார்த்துவிட்டு, அவருக்கு மட்டும் எடுத்துவிட்டாள்.

மாதம் திரும்பவில்லை. அவசரத்தில் ஒரு போலி மின்னஞ்சலை நம்பி மருத்துவர் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட்டார். அதை வைத்து உள்ளே புகுந்தவர்கள் பணம் கேட்டுக் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். பூட்டக்கா மாடி மாடியாக ஓடி வலையிணைப்புகளைப் பிடுங்கினாள். ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஊழியர்கள் கையில் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வலையில் சேர்க்காமல் அவள் தனியே வைத்திருந்த நகல் தப்பியது. எல்லாவற்றையும் மீட்டு நிமிர்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. கைபேசி எண்ணை மருத்துவருக்கும் திரும்பப் போட்டாள்.

நிர்வாகத்தின் அறிக்கை வந்தது. காரணம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்றிருந்தது. அதைப் படித்ததும் பூட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மருத்துவரிடம் போனாள்.

"கோளாறுன்னா என் வேலை சரியில்லைன்னு அர்த்தம் டாக்டர். நிர்வாகக் கூட்டத்துல நீங்களே உண்மையச் சொல்லிடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்றேன்மா. கண்டிப்பா சொல்றேன்."

கூட்டத்தன்று அவர் நாற்காலி காலியாக இருந்தது. விசாரித்தாள். விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை, சாக்கு இல்லை. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

அவளே எழுந்தாள்.

"அது கோளாறு இல்ல சார். நான் போட்ட பூட்டை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். அந்த வழியாத்தான் வந்தாங்க."

நிர்வாகி தண்ணீர் குடித்தார்.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். அடுத்து கேன்டீன் விஷயம்."

காபி ஏன் ஆறிப்போய் வருகிறது என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கேன்டீன் பேச்சு முடியும்வரை பூட்டக்கா உட்காரவில்லை.