தண்ணி ஊத்தின கை

பச்சைக் குழந்தைக்குத் தண்ணி ஊத்தறதுல நான் கைதேர்ந்தவள்னு பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவே சொல்லும். தாயில்லாத பொண்ணு, ஒத்த ஆளா மூணு புள்ளைங்களைக் குளிப்பாட்டி வளர்த்தான்னு கூடவே சேர்த்தும் சொல்லும். அதைக் கேக்கறப்போ எல்லாம் எனக்கு உடம்பு கூசும். தலையைக் குனிஞ்சிக்குவேன். அதைப் பார்த்துட்டு, எவ்ளோ அடக்கம் பாருன்னு அதுக்கும் ஒரு பாராட்டு கிடைக்கும். என்னத்தைச் சொல்ல.

எனக்குக் கல்யாணம் ஆனப்போ பதினாலு வயசு. பதினாறுல மூத்த பொண்ணு பொறந்தா. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும்னு ஊர் வழக்கம். எனக்கு வீடு இருந்துச்சு, தாய் இல்ல. அப்பா வாலாஜாபாத்துல நெல்லு மிஷின்ல மூட்டை தூக்கறவரு. அவர் என்னை அழைச்சிக்கினு போய் இன்னா செய்வாரு? மாமியாரும் நான் வாழ வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. அதனால புருஷன் வீட்டுலயே பெத்தேன். வளையல் போட வந்தவங்க, "எப்போம்மா தாய்வீட்டுக்குக் கிளம்பறே"ன்னு கேட்டுட்டு, அப்புறம் ஞாபகம் வந்து நாக்கைக் கடிச்சிக்கினாங்க. அவங்க மேல தப்பில்ல. ஆனா அன்னிக்கு நான் சாப்பிடல.

வீடுன்னா பெரிய வீடில்ல. தெருப்பக்கம் தறி, நடுவுல ஒரு அறை, பின்னால புழக்கடை. தறி எங்களுது இல்ல, முதலாளியுது. எங்க வீட்டுக்காரர் கூலிக்குப் பட்டு நெய்யறவரு. காலையில தறிக்குழியில காலை இறக்கினாருன்னா சோத்துக்குத்தான் மேல ஏறுவாரு.

குழந்தை பொறந்த புதுசுல எதிர்வீட்டு அத்தைதான் வந்து தண்ணி ஊத்துச்சு. தீட்டுக் கழிச்ச மறுநாளே அதுக்கு ஏனாத்தூர்ல இருந்து ஆள் வந்துட்டான், அது பொண்ணுக்கு நோவு எடுத்துடுச்சுன்னு. போற அவசரத்துல, "இனிமே நீயே ஊத்திக்கோம்மா, பொம்பளைக்கு இதைச் சொல்லியா குடுக்கணும்"னு சொல்லிட்டுப் போச்சு. சொல்லித்தான் குடுக்கணும். எனக்கு யாரும் குடுக்கல.

மறுநாள் நானே உக்காந்தேன். மணைப்பலகையில உக்காந்து காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழ குழந்தையைப் படுக்க வெச்சி, சொம்பை எடுத்தேன். ஊத்தின தண்ணி நேரா மூக்குல இறங்கிடுச்சு. குழந்தைக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. என் சத்தத்தைக் கேட்டு அவர் தறியில இருந்து ஓடி வந்து தலைகீழாத் தூக்கித் தட்டினதுலதான் அழுகை வந்துச்சு. அதுக்கப்புறம் நான் சொம்பையே தொடல. ஈரத்துணியால தொடைச்சி தொடைச்சி விட்டுடுவேன். கழுத்து மடிப்புல, தொடை இடுக்குல எல்லாம் புண்ணு வெச்சிடுச்சு. காய்ச்சல் வந்துச்சு. பால் குடிக்கறதை விட்டுச்சு. அழக்கூடத் தெம்பில்லாம கெடந்துச்சு.

அப்போ நகரசபையில இருந்து ஒரு நர்சம்மா தெருத்தெருவா வருவாங்க. ஏழைங்க வீட்டுல புள்ள பெத்தவங்களைப் பார்த்துட்டுப் போறதுதான் அவங்க வேலை. எங்க வீட்டுப் படியேறி, துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாங்க. கழுத்து மடிப்பை விரலால விரிச்சாங்க. அப்புறம், "இப்படியே விட்டா இது நிக்காதும்மா. புண்ணு ஆறணும்னா தெனம் தண்ணி ஊத்தணும். வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லியா?"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு தலையாட்டினேன். வெக்கமா இருந்துச்சு. தாயுமில்ல, மாமியாரும் இல்ல, பெத்த புள்ளையைக் குளிப்பாட்டவும் தெரியல. பொம்பளைன்னு சொல்லிக்க எனக்கு இன்னா இருக்குது?

நர்சம்மா தறிப்பக்கம் திரும்பினாங்க. "ஆம்பளை ஒருத்தர் இருக்காரே. வாப்பா, மேல ஏறி வா."

தறியில நாடா ஓடற சத்தம் நின்னுச்சு.

எங்க ஜனத்துல பெரியவங்க எதிர்ல ஒரு ஆம்பளை தன் குழந்தையைத் தூக்கக்கூட மாட்டான். தூக்கினா பொண்டாட்டிதாசன். தண்ணி ஊத்தறான்னு தெரிஞ்சுதுன்னா, அவ்ளோதான், மானம் கப்பலேறிடும். நான் நர்சம்மா கையைப் பிடிச்சிக்கினு, "வேணாம்மா, நானே கத்துக்கறேன்"னு கெஞ்சினேன். அவங்க என் கையைப் பார்த்தாங்க. கிடுகிடுன்னு ஆடுது. "உனக்கு உடம்புல ரத்தம் ஊறட்டும். அதுவரைக்கும் அவர் ஊத்தட்டும்"னு சொல்லிட்டு அவரைப் புழக்கடைக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்க.

அங்க இருந்து பேச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. நான் சுவத்தைப் பார்த்துக்கினு படுத்திருந்தேன். என் புருஷன் வேட்டியை வரிஞ்சி கட்டிக்கினு, பிரசவம் பார்க்க வந்தவ கணக்கா காலை நீட்டி உக்காந்திருக்கறதை நெனைச்சாலே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. குழந்தை அழுதுச்சு, ஆனா மூச்சு முட்டல. அப்புறம் அழுகையும் நின்னுடுச்சு.

அன்னிக்கு ராத்திரி சொல்லிட்டேன். "யாராச்சும் பார்த்தாங்க, நான் உசுரோட இருக்கமாட்டேன்."

அவர் கோவப்படல. "சரி, நீ கதவுல நின்னுக்கோ"ன்னாரு. அதோட சரி.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. தெனம் விடியறதுக்குள்ள நான் வெந்நீர் வெச்சிக் குடுப்பேன். அவர் குழந்தையை வாங்கிக்கினு புழக்கடைக்குப் போவாரு. நான் புழக்கடைக் கதவைச் சாத்திட்டு, அதுல முதுகைச் சாய்ச்சிக்கினு, தெருவாசலையே பார்த்துக்கினு நிப்பேன். யாராச்சும் "இன்னாம்மா, எழுந்தாச்சா"ன்னு குரல் குடுத்தா, "குழந்தைக்குத் தண்ணி ஊத்தறேன் அத்தை, இதோ வர்றேன்"னு அங்க இருந்தே சொல்லுவேன். பொய்யா அது? தண்ணி ஊத்திக்கினுதான் இருந்தோம். என் முதுகுக்குப் பின்னால குழந்தை ங்கா ங்கான்னு பேசும், அவரும் என்னமோ பதில் சொல்லுவாரு. நான் திரும்ப மாட்டேன்.

புண்ணு ஆறுச்சு. பால் குடிக்க ஆரம்பிச்சுது. கன்னம் வெச்சி, கை காலெல்லாம் மடிப்பு விழுந்து, தெருவுல தூக்கி வெச்சிக்காதவங்க இல்ல. "தாய் இல்லாட்டியும் எப்படித் தேத்தினா பாரு"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. தெருத் தாழ்வாரத்துல பாவு நூலைப் புணையற பொண்ணுங்க அதுங்க குழந்தையைத் தூக்கிக்கினு வந்து, "அக்கா, ஒரு வாட்டி நீங்க ஊத்துங்க, எனக்கு பயமா இருக்குது"ன்னு நிப்பாங்க. எனக்கு மணிக்கட்டு வலின்னு சொல்லுவேன். அந்த மணிக்கட்டு வருஷக்கணக்கா வலிச்சிக்கினே இருந்துச்சு.

நர்சம்மா ஒரு வீட்டுல தாய்மாருங்களைக் கூட்டி வெச்சிப் பால் குடுப்பாங்க, குழந்தையை எடை போடுவாங்க. இல்லாதவங்கதான் அங்க போவாங்க. நானும் முந்தானைக்குள்ள சொம்பை மறைச்சி வெச்சிக்கினு சந்து வழியாப் போவேன். வழியில யாராச்சும் கேட்டா கோயிலுக்குன்னுடுவேன். ஒரு நாள் நர்சம்மா எல்லார் எதிர்லயும், "அடுத்த வாட்டி உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கினு வா. இங்க வர்ற ஆம்பளைங்களுக்கு அவர் செஞ்சி காட்டட்டும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு முகத்துல ஈயாடல. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, என் வயசுகூட இருக்காது, சட்டுன்னு என்னைப் பார்த்து, "அவர் இன்னாக்கா செய்வாரு? எங்க வீட்டுல அது குழந்தை மூஞ்சியைக்கூடப் பார்க்கல"ன்னா. "எங்க வீட்டுல மட்டும் இன்னா வாழுது, அதே கதைதான்"னு சொல்லிட்டேன். நர்சம்மா என்னைப் பார்த்தாங்க. அடுத்த குழந்தையை எடை போடத் தூக்கினாங்க. அப்புறம் அவரைக் கூப்பிடவே இல்ல.

இதெல்லாம்கூடப் போகட்டும். எண்ணெய் விஷயம்தான் இன்னும் நெஞ்சுல நிக்குது.

குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சித்தான் தண்ணி ஊத்தணும். பட்டுக்கு எண்ணெய் ஆகாது. எண்ணெய்க் கை பட்ட பட்டு அப்படியே கறுத்துப் போயிடும், எதுலயும் போகாது. அதனால அவர் சாம்பலும் சீயக்காயும் போட்டு, கை வெளுக்கத் தேய்ச்சிக் கழுவிட்டுத்தான் தறியில உக்காருவாரு. ஒரு நாள் நான் கதவுல நிக்கறப்போ முதலாளியோட ஆள் எங்க வாசல் பக்கமா வர்றதைப் பார்த்துட்டேன். பதறிப்போய்க் கதவைத் தட்டி, "சீக்கிரம், சீக்கிரம்"னேன். அவர் குழந்தையை என் கையில போட்டுட்டு, அரையும் குறையுமாக் கையை அலசிக்கினு போய்த் தறியில உக்காந்தாரு.

தறியில இருந்தது கல்யாணத்துக்குச் சொன்ன அரக்குப் புடவை. அப்புறம் ஒரு நாள் முதலாளியே வந்து, தறியில சுருட்டின துணியைப் பிரிச்சிப் பார்த்தப்போ, கரையோரமா பெருவிரல் அளவுக்கு ஒரு கறை.

"இன்னாடா இது?"

நான் அறைக்குள்ள கதவிடுக்குல நின்னுக்கினு இருந்தேன். குழந்தை இடுப்புல. அவர் முதலாளியைப் பார்க்கல, என்னைப் பார்த்தாரு. ஒரு வார்த்தை நெஜத்தைச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் மனசு இறங்கியிருப்பாரு, அவரும் புள்ளகுட்டிக்காரருதான். இவர் இன்னா சொன்னாரு தெரியுமா? "தலைக்கு எண்ணெய் வெச்சிக்கினு கையைக் கழுவ மறந்துட்டேங்க."

"தொரைக்குச் சிங்காரம் கேக்குதோ"ன்னாரு முதலாளி. கூட வந்தவங்க சிரிச்சாங்க. கல்யாணப் புடவை வேலையெல்லாம் வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. ரொம்ப நாளைக்கு இவருக்குச் சாதாப் புடவைதான். தெருவுல மைனர்னு பேரும் வந்துடுச்சு. மைனர் வர்றாரு, மைனர் போறாருன்னு. நல்ல நாள்லகூட அவர் தலைக்கு எண்ணெய் வெச்சி நான் பார்த்ததில்ல.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே"ன்னு அப்புறமா ஒரு நாள் மெதுவாக் கேட்டேன்.

"நீ உசுரோட இருக்கமாட்டேன்னியே"ன்னாரு.

அதுக்கப்புறம் ரெண்டு பசங்க பொறந்தாங்க. அவங்களுக்கும் அவர்தான். எனக்குக் கதவுதான்.

மூத்த பொண்ணுக்குக் கல்யாணமாகித் தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தா. எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கணும்னு வெறியா நின்னு எல்லாத்தையும் செஞ்சேன். ஆம்பளைப் புள்ள. மருத்துவச்சி வந்து தண்ணி ஊத்திட்டுப் போய்க்கினு இருந்தவரைக்கும் கவலையில்ல. தீட்டுக் கழிக்கறன்னிக்கு சம்பந்தியம்மா அவங்க சொந்தக்காரப் பொம்பளைங்களோட வந்து எறங்கினாங்க. "உங்க கையைப் பத்தி இந்தத் தெருவே சொல்லுது. இன்னிக்கு நீங்கதான் ஊத்தணும், நாங்க பார்க்கணும்"னாங்க. மணிக்கட்டு வலின்னு ஆரம்பிச்சேன். "பேரனுக்குமா வலி?"ன்னு சிரிச்சாங்க. வேற வழியில்லாம புழக்கடையில மணைப்பலகையைப் போட்டு உக்காந்தேன்.

காலை நீட்டினேன். பேரனைக் காலு மேல வெச்சாங்க. சொம்பு கையில இருக்குது. சுத்தி எல்லாரும் நிக்கறாங்க. இடது கையை எங்க வெக்கணும்? அவர் எங்க வெப்பாரு? எத்தனை வருஷம், எத்தனை காலையில என் முதுகுக்குப் பின்னால இது நடந்துச்சு, நான் தெருவாசலைத்தானே பார்த்துக்கினு இருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தா இப்போ தெரிஞ்சிருக்கும்.

ஊத்தினேன். நேரா மூக்குலதான் இறங்குச்சு. புள்ளைக்கு மூச்சு முட்டுச்சு. உள்ள இருந்து என் பொண்ணு, "யம்மா, இன்னாச்சும்மா"ன்னு கேக்கறா. அந்த நீல உதட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். அதுக்கு மேல எனக்கு மானம் ஏது.

"இன்னாங்க, இங்க வாங்க"ன்னு தறிப்பக்கம் பார்த்துக் கத்தினேன். "எனக்குத் தெரியாது. நீங்க வந்து ஊத்துங்க."

சம்பந்தியம்மா வாயைப் பொளந்துக்கினு நின்னாங்க. அவர் வந்தாரு. பொம்பளைங்களைப் பார்த்துத் தயங்கி, என்னைப் பார்த்தாரு. நான் எழுந்து பலகையை விட்டேன். அவர் உக்காந்து, புள்ளையைக் கவுத்துப் போட்டு முதுகைத் தட்டி அழுகையை வரவெச்சாரு. அப்புறம் நிமித்திக் காலு மேல படுக்க வெச்சாரு. இடது கையை நெத்திக்குக் குறுக்கால, புருவத்து மேல வெச்சி அணை கட்டினாரு. அவ்ளோதான் விஷயம். சொம்பைத் தூக்கினவர், ஊத்தாம என் பக்கம் திரும்பினாரு.

"கதவு தெறந்திருக்குது பாரு"ன்னாரு மெதுவா. "சாத்திட்டு நில்லு. யாராச்சும் பார்த்துடப் போறாங்க."

அத்தனை பொம்பளைங்க சுத்தி நின்னு பார்த்துக்கினு இருக்காங்க. அவருக்கு அது ஞாபகத்துலயே இல்ல. நான் போய், வழக்கமா நிக்கற எடத்துலயே நின்னேன். கதவைச் சாத்தல. தெருவாசலுக்கு முதுகைக் காட்டிக்கினு, இந்தப் பக்கம் திரும்பி நின்னு பார்த்தேன்.