படவேட்டு ஆறும் என் பின்னலும்

நான் ப்ளஸ் டூ தேறினால் என் தலைமுடி முழுவதையும் படவேட்டு அம்மனுக்குக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தேறிவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் என்பதால், அதை ஆரணி முழுக்கத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் வேலூரில் கல்லூரி விடுதியில் சேர வேண்டியிருந்தது. இடுப்பைத் தொடும் பின்னலோடு சேருவதாகத்தான் உத்தேசம்.

ஆடி வெள்ளியன்று தறியை நிறுத்திவிட்டு நைனா, அம்மா, அத்தை, நான் நால்வரும் பஸ் ஏறினோம். சந்தவாசலைத் தாண்டியதும் ஜவ்வாது மலை சுற்றிவளைத்து நின்றது. நடுவே வாழைத்தோப்பும் நெல்வயலும். கோயிலை ஒட்டி மொட்டை அடிக்கும் கொட்டகை இருந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேன்.

"மொதல்ல ஆத்துல கால் நனைச்சிட்டு வரலாம்மா" என்றேன்.

ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. "நம்ம ஊர் பாலத்துக்குக் கீழ காஞ்சி கெடக்குதே, அதே ஆறுதான் இது. இந்த மலையிலதான் பொறக்குது" என்று பாடம் எடுத்தேன்.

"தண்ணிய இங்க வச்சிகினு நமக்கு மணல மட்டும் அனுப்புதா? கெட்டிக்கார ஆறு" என்றாள் அத்தை.

நைனா மலையைப் பார்க்கவில்லை. கரையிலிருந்த புளியமர வரிசையின் கீழ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டித்தான் சீர்செய்வோம். அதனால் எங்கள் ஆட்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் நேரான இடமும் நிழலும்தான் கண்ணில் படும்.

"எடம் நல்லாதான் கீது. காத்து ஜாஸ்தி, இழை அறுந்துகினே இருக்கும்" என்று அந்தப் பள்ளத்தாக்கையே தள்ளிவிட்டார்.

அம்மா கோயில் பக்கம் திரும்பினாள். நான் அவசரமாக ராஜாக்களைக் கூப்பிட்டேன். "இங்க ராஜாங்க கோட்டை கட்டி ஆண்டாங்க. எங்க பாத்தாலும் கோயிலு. அப்புறம் வெள்ளமும் மணலும் வந்து ஊரையே மூடிடுச்சி. நாம நிக்கிற எடத்துக்குக் கீழயே ஒரு கோயில் இருக்கலாம்."

அத்தை சட்டென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ராஜான்னா பட்டு கட்டியிருப்பான். நெய்றவங்க தெருவு எந்தப் பக்கம் இருந்துது?" என்றார் நைனா.

"அது பாடத்துல இல்ல நைனா."

"அப்ப இன்னாதான் படிச்ச?" கேலி செய்யும்போது அவர் சிரிப்பதில்லை.

அம்மா மட்டும் மணலைக் கால்விரலால் கிளறியபடி நின்றாள். "அம்மனச் சுத்தி இவ்ளோவும் போச்சா?"

"போச்சும்மா."

"அவ அப்பிடியே ஒக்காந்துகினு இருந்தாளா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள். என் சரித்திரமே எனக்கு வினையானது என்று நினைத்தேன்.

கொட்டகையில் என் முறை வந்தது. உட்கார்ந்தேன். பின்னலை அவிழ்த்தார்கள். உச்சந்தலையில் தண்ணீர் தெளித்தார்கள்.

"எழுந்திருடி" என்றாள் அம்மா.

கத்தி நின்றது.

"ஒரு ஊரே மண்ணுக்குள்ள போறத பாத்துகினு பொறுமையா இருந்தவ. இவ படிச்சி முடிக்கிற வரைக்கும் இருக்க மாட்டாளா? படிப்பு முடியட்டும், கொண்டாந்து குடுக்கறேன்."

"ஜல்தி வெளிய வா. உங்கம்மா மனசு மாறிடப்போவுது" என்று அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே சொல்வாள்: "பத்திரமா பாத்துக்க. இது உன்னுது இல்ல."

இப்போது மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. போன வாரம் எம்.ஏ.வும் படிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். படிப்பின் மேல் எனக்கு இருக்கும் ஆசையை நைனா மெச்சினார். அத்தை மட்டும் என் பின்னலைப் பார்த்தாள்.