ஓய்வைப் பற்றி ஒரு ஞாயிறு

எழுபதுகளில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். ஒருமுறை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று எங்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை அனுப்பியிருந்தார்கள். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ரப்பர் மரங்களில் பால் வெட்டு இல்லாத ஒரே நாள் அதுதான். துணி துவைப்பது, விறகு பொறுக்குவது, பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது எல்லாம் அவர்கள் குடியிருந்த லயத்தில் அன்றைக்குத்தான் நடக்கும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அத்தனை பேரையும் வெயிலில் உட்கார வைத்தார்கள். குடைக்குக் கீழே நாற்காலியில் அவர். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். புத்தகம் படிக்க வேண்டும், பூச்செடி வளர்க்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருப்பது உடம்புக்குக் கேடு. அதை அவர்கள் இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டார்கள்.

கடைசியில், கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னார். பால் வெட்டுகிற பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அந்த ஓய்வு நேரம் எப்ப வரும்னு கேளுங்க, கிளாக்கரய்யா. இருந்த ஒண்ணையும் இவரு எடுத்துக்கிட்டாரே."

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கு என் வேலை பெரிதாகத் தெரிந்தது. பேச்சு மிகவும் பிரயோசனமாக இருந்ததாம் என்று சிங்களத்தில் சொல்லிவைத்தேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் வந்துவிட்டார். எனக்கும் ஞாயிறுதான் லீவு என்பது, மறுபடியும் அந்த நாற்காலிப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் உறைத்தது.