அக்காவின் வலது மணிக்கட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், ஈஜோக் என்ற சிற்றூரில் என் வீட்டு வாசலில், ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது.

அப்போது நான் ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஊதிப்போயிருந்த உடம்பு இறுகி, தோளிலும் கையிலும் தசை தெரிய ஆரம்பித்திருந்தது. ஆபீசில் எல்லாரும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எத்தனை முட்டை, எவ்வளவு கோழி, சோறு சாப்பிடலாமா என்று கேட்டால் டாக்டர் மாதிரி பதில் சொல்வேன். எல்லாம் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளும் அத்தானும் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அக்கா மாவை வீசிப்போடும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவுக்காகவே எஸ்டேட்டுகளில் இருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அவளுக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. என்னைப் பார்த்து ஆசைப்பட்டு, "எனக்கும் சொல்லிக் குடு லா, உடம்பைக் குறைக்கணும்" என்று அவளாகத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை அவர்கள் கடைக்கு லீவு. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். வெறும் வயிற்றில் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

"மாத்திரை போட்டுட்டேன் லா. ரெண்டு ரொட்டித் துண்டாவது சாப்பிட்டுச் செய்றேனே" என்றாள்.

"இப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் உன் உடம்பு இப்படி இருக்கு" என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். என்ன மாத்திரை, எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

அரைமணி நேரம் குதிக்கவிட்டு, பிறகு இரண்டு கையிலும் எடையைக் கொடுத்து உட்கார்ந்து எழச் சொன்னேன். அவளுக்கு வியர்வை கொட்டியது. கை நடுங்கியது. ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து, "இன்னும் அஞ்சுதான், நிறுத்தாதே!" என்று கத்தினேன். அடுத்த நிமிடம் வாசல் சிமெண்டுப் படியில் சாய்ந்து விழுந்தாள். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன்தான் ஓடிவந்து தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு பறந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் கண் விழித்தாள். இரத்தத்தில் சீனி பயங்கரமாக இறங்கிவிட்டது என்றார்கள். மணிக்கட்டு எலும்பும் உடைந்திருந்தது. அதற்குள் அத்தான் வந்து சேர்ந்தார். டாக்டர் கோபமாக, "மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் யார் உடற்பயிற்சி செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சாப்பிட மறந்துட்டேன், டாக்டர்" என்றாள்.

அத்தான் அங்கேயே அவளைத் திட்டினார். "சின்னப்புள்ளையா நீ? உன்னால தங்கச்சிக்கும் எவ்வளவு சிரமம் பாரு" என்றார். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எலும்பு கூடியது. ஆனால் கை பழையபடி திரும்பவில்லை. மாவை வீசினால் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு ரொட்டி சானாயையே நிறுத்திவிட்டார்கள். இப்போது தோசையும் தேநீரும்தான். பழைய ஆட்கள் பாதிப்பேர் வருவதில்லை.

இப்போதும் நான் உடற்பயிற்சி செய்கிறேன். ஆனால் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. கேட்டால், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்பேன். போன தீபாவளிக்கு அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா மேசைக்கு அடியில் என் கையை அழுத்தி, "பாயாசம் ஆறுது, குடி" என்றாள். நானும் குடித்தேன். அவள் என்றைக்கோ என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் செய்த தவறைவிட, அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் அவள் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதுதான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.