ஈரப் படத்தில் வைத்த விரல்

பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த கிஃபாயத்துல்லாவுக்குக் கைச்சுத்தத்தில் ஒரு திமிர் உண்டு. படத்தின் முகப்பை விரலால் தொடுகிறவன் படக்காரனே இல்லை என்பார். இருட்டறையில் படம் கழுவும் மூன்று மருந்துத் தட்டுகளுக்கும் தனித்தனியே மூங்கில் இடுக்கி. ஒன்றை இன்னொன்றில் நனைக்க மாட்டார். படம் மங்காமல் நிலைக்க வைக்கும் ஹைப்போ மருந்துத் தண்ணீர் பட்ட விரலால் படத்தைத் தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் கழித்துத்தான் கறை எழும்பி வரும் என்று கேட்காதவர்களுக்கும் பாடம் நடத்துவார்.

அப்படிப்பட்டவர்தான் தப்புச் செய்தார். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் சயாமில் இரயில் பாதை போட ஆள் பிடித்தான். போகிறவர்கள் வீட்டுக்கென்று ஆளுக்கொரு படம் எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த முகங்களைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. கழுவி உலரப் போட்ட ஒவ்வொரு படத்தின் நெற்றியிலும் கட்டைவிரலை வைத்து, "அல்லாவே, நீதான் காவல்" என்று சொல்லித்தான் எடுப்பார். சோப்புக்கோ பஞ்சம். கையைத் துணியில் துடைத்ததோடு சரி.

ஒரு வருஷத்தில் அந்த நெற்றிகளில் பழுப்பாக ஒரு விரல் எழும்பியது. கல்யாணப் படங்களில் இல்லை, குழந்தைப் படங்களில் இல்லை. சயாமுக்குப் போனவர்கள் நெற்றியில் மட்டும். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது: எவனோ வந்து தொட்டு அடையாளம் வைக்கிறான், அவன் தொட்டவன் திரும்ப மாட்டான்.

சயாமுக்குப் போன புருஷன் படத்தோடு முதலில் ஓடிவந்தவள் மாரியாயி. கிஃபாயத்துல்லா பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். எப்போதோ கண்ணாடித் தகடு கிழித்த தழும்பு அவர் கட்டைவிரலின் குறுக்கே ஓடும். கறையிலும் அதே கோடு. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவராயிற்றே! "ஈரக்காத்து பட்டிருக்கும்மா" என்று மழுப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் மாரியாயி தாலியைக் கழற்றிவிட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நண்பகலில் நல்லம்மாள் வந்தாள். அவள் புருஷன் சபாபதியும் சயாமுக்குப் போனவன்தான். படத்தை மேசைமேல் வைத்தாள். நெற்றியில் விரல்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. இவரு இருக்காரா, இல்லையா? நாளைக்குத் தாலிய எடுக்கணும்னு அத்தை சொல்லிட்டாங்க."

இதற்குமேல் அவரால் முடியவில்லை. கட்டைவிரலைக் கறைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"எமனும் இல்ல, பேயும் இல்ல தங்கச்சி. என் வெரலு. நல்லபடியா திரும்பி வரணும்னு துஆ கேட்டு வெச்ச வெரலு. கையில ஹைப்போ இருந்திருக்கு. இந்தத் தழும்பப் பாரு, அதுலயும் கோடு இருக்கா?"

அவள் விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பின்னாலேயே கோபமும் வந்தது.

"மாரியாயி அக்காகிட்ட இதச் சொல்ல ஒங்களுக்கு என்னா கேடு?"

"இன்னிக்கே போய்ச் சொல்றேன்லா. கால்ல வேணாலும் விழுறேன்."

வாசல்வரை போனவள் திரும்பினாள். "அப்ப நீங்க தொடாத படத்துல இது வராதுல்ல?"

"வரவே வராது. இரு, காட்டுறேன்."

பெட்டியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து வந்தார். உள்ளே அவர் தம்பி அகமதுவின் படம். இவர் வேண்டாம் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேளாமல், நல்ல சம்பளம் என்று எவனோ சொன்னதை நம்பி, சபாபதி போன அதே இரயிலில் போனவன். போகிறவனிடம் இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தில் அவன் படத்துக்கு மட்டும் துஆவும் கேட்கவில்லை, விரலும் வைக்கவில்லை. இடுக்கியாலேயே எடுத்து, உலர்ந்ததும் உறையில் போட்டு ஒட்டியதுதான். அதன்பிறகு திறக்கவே இல்லை.

உறையைக் கிழித்துத் தான் பார்க்காமலே அவளிடம் நீட்டினார். "பாரு, சுத்தமா இருக்கும்."

நல்லம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "இதையும் நீங்க மறந்தாப்புல தொட்டிருப்பீங்க."

அவர் படத்தை வாங்கினார். அகமதுவின் நெற்றியில் பழுப்பாக ஒரு விரல் பதிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் குறுக்கே தன் தழும்பின் கோட்டைத் தேடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினார்.

கோடு இல்லை.