ஆரஞ்சுத் தொப்பிக்காரி

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் வெர்னா நோவிட்ஸ்கிக்கு இருப்புக்கொள்ளாது. கிரீன் பே நகரத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆறு மாதம் ஆட்டமே இல்லாமல் காய்ந்து கிடந்துவிட்டு, ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி முகாம் திறக்கிற நாளில்தான் மறுபடி மூச்சு விடுவார்கள்.

வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். முகாம் நடக்கும்போது பள்ளிக்கு விடுமுறை என்பதே அந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம். விடிவதற்குள் போய், வீரர்கள் உள்ளே வரும் வாசலை ஒட்டி, வேலியோரம் மடக்கு நாற்காலியைப் போட்டுவிடுவாள். பல வருடங்களாக அது அவள் இடம். வேறு யாரும் உட்காரமாட்டார்கள்.

அவளுக்கென்று ஒரு வீரனும் உண்டு. அறுபத்து நான்காம் எண், ப்ரூவர். ஒவ்வொரு முறையும் குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வருகிறவன்மேல் மோதுவது அவன் வேலை. அவன் பெயரைச் சொல்லி யாரும் கத்துவதில்லை. வெர்னா கத்துவாள். போன வருடம் அவன் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினான். அந்தக் குளிர்காலம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே கழித்தாள்.

இந்த வருடம் தங்கை லொரெட்டாவும் கூட வந்தாள். அரிசோனாவில் இருந்தவள், புருஷன் விட்டுப் போனதும் வசந்தத்தில் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்ன வயதில் அப்பா இருவரையும் முகாமுக்கு எழுப்பும்போது போர்வையை இழுத்து மூடிக்கொண்டவள் அவள்தான். இப்போது வெயிலுக்கு ஒரு ஆரஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டி, அது நம்ம பரம எதிரி சிகாகோக்காரங்க நிறம்டி! கழட்டு அதை."

"தலை காயுதுக்கா. நிறத்துல என்ன இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். வெர்னாவுக்கு மானம் போயிற்று. அதற்குள் வீரர்கள் வர ஆரம்பித்தார்கள். "ப்ரூவர்! ப்ரூவர்!" என்று வெர்னா தொண்டை கிழியக் கத்தினாள். அவன் நின்றான். ஆனால் அவன் பார்த்தது தொப்பியை.

"இந்த ஊர்ல இதைப் போட்டுட்டு நிக்க எவ்வளவு தைரியம் உங்களுக்கு!" என்று சிரித்தான்.

"நீங்க இதுலயே கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அப்புறம் யாரும் அடிக்கமாட்டாங்க" என்றாள் லொரெட்டா.

போட்டுக் கொடுத்தான். அவள் அரிசோனாவிலிருந்து வந்ததாகச் சொன்னதும், அந்த ஊர் வெயிலைப் பற்றி ஏதோ கேட்டான். கிளம்பும்போது வெர்னாவைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றான். யாரோ வழியில் நிற்கிற ஒருத்தியிடம் சொல்வதுபோல.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்னா சாசேஜைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டாள். எதிரே லொரெட்டா தொப்பியோடே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் வெர்னா சொன்னாள்: "இன்னைக்குப் பின்பக்க வாசல் வழியாத்தான் வருவாங்களாம். நீ போய் இடம் பிடி. இதோ வந்துடறேன்."

பின்பக்க வாசல் எப்போதும் பூட்டியே கிடக்கும். லொரெட்டா நம்பிப் போனாள். வெர்னா தன் இடத்தில் உட்கார்ந்தாள். ப்ரூவர் வந்தான், அவள் கத்தினாள், அவன் பயிற்சியாளரோடு பேசிக்கொண்டே கடந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் இடி இடித்து மழை கொட்டியது. பின்பக்க வாசலைத் திறந்து, வீரர்களையெல்லாம் அந்த வழியாக உள்ளரங்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். வேலியோரம் காலியாயிற்று.

வெர்னா காரில் காத்திருந்தாள். லொரெட்டா சொட்டச் சொட்ட நனைந்து வந்து ஏறினாள். கையில் ஒரு பெரிய கையுறை.

"அக்கா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அத்தனை பேரும் அந்தப் பக்கமாத்தான் வந்தாங்க! நான் ஒருத்திதான் நின்னேன். ப்ரூவர் இதைக் கழட்டிக் குடுத்தான்."

"மழையில எதுக்குடி நின்ன?"

"நீ வரேன்னியே. அதான் நகரலை." தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கக்கா உங்க ரசிகைன்னு சொன்னேன். 'வாசல்கிட்ட உக்காந்து என் பேரைக் கத்துவாங்களே, அவங்களா?'ன்னு கேட்டான்."

தன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இவளிடம் சொல்லியிருக்கிறான். வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பொய் சொன்னேன்" என்றாள். "அங்க யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் உன்னை அனுப்பினேன்."

"எதுக்குக்கா?"

"நீ இல்லேன்னா என்கிட்ட பேசுவான்னு."

லொரெட்டா கையுறையை எடுத்துத் தன் பைக்குள் வைத்து மூடினாள்.

"உனக்குத் தரலாம்னுதான் கொண்டுவந்தேன். இப்போ தரமாட்டேன்."

சொன்னபடியே தரவில்லை. ஆனால் அக்கா வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. செப்டம்பரில் முதல் ஆட்டத்தை இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் ப்ரூவர் ஒருவனை முட்டிக் கீழே தள்ளியபோது, வெர்னா வாயைத் திறக்குமுன் லொரெட்டா துள்ளி எழுந்து அவன் பெயரைக் கத்தினாள்.

வெர்னாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவளைவிடச் சத்தமாகக் கத்தினாள்.